சோரல் பள்ளத்தாக்கில் விழுந்த எல்க் யாருடையது என்பது பற்றி மார்வா டோர்கெல்சன் கூறியது

என் பெயர் மார்வா டோர்கெல்சன். வயது ஐம்பத்து நான்கு. மொன்டானா மாநிலம், கோல்ட்ஃபோர்க் கவுண்டி, பழைய ஆலைச் சாலையில் வசிக்கிறேன். கிராமப்புறத் தபால் வண்டி ஓட்டுகிறேன். என்மீது வேட்டை வழிகாட்டி ப்ராக் ஹேவர்கேம்ப் கொடுத்த திருட்டுப் புகார் தொடர்பாக, வனவிலங்குக் காவல் அதிகாரி டெய்ன் குலிக் ஆகிய தாங்கள் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மலையடிவாரத்தில் விசாரித்தபோது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

ஒன்பது வருடங்களுக்கு முன்பு என் அண்ணனின் பெரிய மேக்னம் துப்பாக்கியை இரவல் வாங்கி ஒரு பெண் எல்க் மானைச் சுட்டேன். நான் இடக்கைக்காரி. அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் போல்ட் வலப்பக்கம் இருந்தது. அதன் உதைப்புக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே என் தோள் சுருங்கிவிட்டது. குண்டு வயிற்றில் பட்டது. இரண்டு நாள் ரத்தத் தடம் பார்த்து நடந்தேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் வேட்டைக்குப் போகவில்லை. ஆனால் சோரல் பள்ளத்தாக்கில் ஆண் எல்க் சுடுவதற்கான உரிமச்சீட்டுக் குலுக்கலுக்கு மட்டும் வருடம் தவறாமல் விண்ணப்பித்து வந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இந்த வருடம் குலுக்கலில் என் பெயர் வந்தது.

அதன் பிறகு மே மாதம் டெல்லா ஓஸ்ட்பியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அப்போது ஹேவர்கேம்பும் அங்கே இருந்தார். வெளிமாநிலத்திலிருந்து அவரிடம் வேட்டைக்கு வரவிருந்த கார்ட்டர் ப்ரூயிட் என்பவரையும் கூட்டிவந்து, அவருக்குத் துப்பாக்கி தேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்ததிலேயே பெரிய 'முந்நூறு மேக்னம்' துப்பாக்கியை ப்ரூயிட்டின் கையில் கொடுத்து, ஆயிரம் கெஜத்தில் நிற்பதையும் இது படுக்கவைக்கும் என்றார். ப்ரூயிட் அதைத் தூக்கிப் பார்த்தபோது குழல்முனை தாழ்ந்து தாழ்ந்து போனதை நான் கவனித்தேன்.

டெல்லா எனக்கு மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். விலையையோ பேரையோ பார்க்காதே, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை, பிறகு கண்ணைத் திற, மேலுள்ள ஸ்கோப் கண்ணாடிக்குள் வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று மட்டும் பார் என்றார். முதல் இரண்டிலும் நான் கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது, ஆறரை மில்லிமீட்டர் தோட்டா போடுவது. போல்ட் இடப்பக்கம் இருந்தது. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே போல்ட்டை இழுத்துத் தள்ள முடிந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக ஒரு துப்பாக்கி என் கைக்கு எதிராக வேலை செய்யவில்லை. அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அப்போது ஹேவர்கேம்ப், "ஏம்மா மார்வா, அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுட்டுப் பழகுறதும்மா. எல்க் அதைப் பார்த்தா சிரிக்கும்" என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ப்ரூயிட் சிரிக்கவில்லை.

"சிரிக்க நேரம் இருந்தா சிரிக்கட்டும்" என்று நான் சொன்னேன். எட்டாத தூரத்தில் நிற்பதை என்ன செய்வாய் என்று ஹேவர்கேம்ப் கேட்டதற்கு, நடந்து கிட்டே போவேன், எனக்குக் கால் இருக்கிறது என்றேன்.

அதன் பிறகு டெல்லா பின்கட்டையை என் கைக்குத் தக்கபடி அரை அங்குலம் அறுத்துக் கொடுத்தார். கோடை முழுவதும் தபால் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள ஓர் இரும்புத் தகட்டைச் சுட்டுப் பழகினேன். நானூறு கெஜத்தில் பத்துக்கு எட்டுப் பட்டது. முந்நூற்றைம்பதில் பத்துக்குப் பத்து. அதனால் முந்நூற்றைம்பதைத் தாண்டிச் சுடுவதில்லை என்று முடிவு செய்து, அதையும் ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப்பில் வைக்க வேண்டிய எண்ணையும் அட்டையில் எழுதிக் கட்டையில் ஒட்டினேன்.

இன்று காலை ஏழு மணிக்குச் சோரல் பள்ளத்தாக்கின் தென்கரையில், முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்திருந்தேன். எதிர்ச்சரிவில் இருபதுக்கு மேற்பட்ட எல்க்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. தூரமானியில் பார்த்தேன், ஐந்நூற்றுப் பத்து கெஜம். சுடவில்லை. ஏழு நாற்பதுக்கு வடக்கு முகட்டிலிருந்து மூன்று வெடிச்சத்தம் கேட்டது. மூன்று முறையும் மந்தைக்கு மேலிருந்த பாறையில் தூசு பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். மந்தை கலைந்து கீழே ஓடிவந்தது. பெரிய ஆண் எல்க் ஒன்று எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து, ஓடைக்கு மேலே நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அதன் இடப்பக்கம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. சுமார் முந்நூற்று நாற்பத்து மூன்று கெஜம். ஸ்கோப்பின் திருகை அந்தத் தூரத்துக்கு அட்டையிலிருந்த எண்ணுக்குத் திருப்பினேன். பாதி மூச்சை விட்டு நிறுத்தி விசையை அழுத்தினேன். என் தோள் சுருங்கவில்லை. குண்டு பட்டதை ஸ்கோப்பிலேயே பார்த்தேன். அது பதினைந்து அடி எடுத்து வைத்து விழுந்தது. அடுத்த தோட்டாவை ஏற்றிக் காத்திருந்தேன், தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஓடையில் இறங்கி ஏற எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஹேவர்கேம்பும் ப்ரூயிட்டும் குதிரையில் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். எல்க்கின் கொம்பில் ப்ரூயிட்டின் உரிமச்சீட்டு, சுட்டது அவர்தான் என்பதுபோல், கட்டப்பட்டிருந்தது. இது என்னுடையது என்று சொன்னேன். ஹேவர்கேம்ப், "உன் விளையாட்டுச் சாமானால இதைத் தடவிக்கூடக் கொடுத்திருக்க முடியாது. போயிடு. இல்லைன்னா திருட்டுன்னு ஆபீசரைக் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எல்க்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தம்முடைய வயர்லெஸ்ஸில் தங்களைக் கூப்பிட்டார். தாங்கள் வரும்வரை மூன்று மணி நேரம் நான் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. ப்ரூயிட் தம் குடுவையிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

தாங்கள் வந்தபின், இடத் தோளுக்குப் பின்னால் ஒரே ஒரு துளை இருப்பதையும், குண்டு மறுபக்கம் வெளியேறவில்லை என்பதையும் எங்கள் மூவருக்கும் காட்டினீர்கள். அறுத்துப் பார்த்துக் குண்டை எடுக்கும்படி நான் கேட்டேன். ஹேவர்கேம்ப் தாராளமாகப் பாருங்கள் என்றார். தாங்கள் வலப்பக்கத் தோலுக்கடியில் முன்பகுதி காளான்போல் விரிந்த குண்டை எடுத்து, விரியாத அடிப்பகுதியை அளவுகோல் இடுக்கியில் வைத்து அளந்தீர்கள். ஆறு புள்ளி ஏழு மில்லிமீட்டர். பிறகு ப்ரூயிட்டின் பையிலிருந்து ஒரு தோட்டாவை வாங்கி அதன் குண்டையும் அளந்தீர்கள். ஏழு புள்ளி எட்டு. என் தோட்டாவை அளந்தீர்கள்; ஆறரை என்பது அதன் பெயர்தான், குண்டின் அளவு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆறு புள்ளி ஏழு. ஹேவர்கேம்ப் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். தாங்கள் அளந்தீர்கள். அப்போதும் அதேதான்.

அதன் பிறகு ப்ரூயிட் தாமே குனிந்து கொம்பிலிருந்த சீட்டை அவிழ்த்தார். "மூணு தடவையும் கண்ணை மூடிக்கிட்டுத்தாங்க சுட்டேன். அந்த உதைக்குப் பயம். பட்டிருக்கும்னு இவர் சொன்னாரு, நம்பிட்டேன்" என்றார். பின்பு என்னிடம், "அன்னிக்குக் கடையில நீங்க எடுத்ததை நானும் ஒரு தடவை தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டேங்க. அவங்க சிரிச்சாங்களா, வெட்கமாப் போச்சு" என்றார். நான் துப்பாக்கியைக் காலி செய்து அவர் கையில் கொடுத்தேன்.

பிறகு என் சீட்டைக் கொம்பில் நானே கட்டினேன்.

இறைச்சி முழுவதையும் ஹேவர்கேம்பின் குதிரைகளில் அடிவாரத்துக்குக் கொண்டுவந்தோம். ப்ரூயிட், குதிரைகளுக்கு இந்த வாரம் முழுவதும் வாடகை கொடுத்திருப்பது தாம்தான் என்று சொன்னதால் ஹேவர்கேம்ப் மறுக்கவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

அடிவாரத்தில் அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, "விட்டுடும்மா மார்வா, இதையெல்லாம் எழுத்துல வைக்க வேண்டாம்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். மற்றவர் சுட்ட விலங்கில் தெரிந்தே சீட்டுக் கட்டவைத்ததற்காக அவர்மீது புகார் கொடுக்க விரும்புகிறேனா என்று தாங்கள் கேட்டீர்கள். விரும்புகிறேன் என்று அவர் காதுபடச் சொன்னேன்.

தாங்கள் எழுதியதை நானே இரண்டு முறை வாசித்தேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: தூரத்தின் முன்னால் தாங்கள் எழுதியிருக்கும் 'சுமார்' என்ற சொல்லை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அளந்தேன்.

(ஒப்பம்) மார்வா டோர்கெல்சன்

'சுமார்' நீக்கப்பட்டதாகக் கொள்ளவும். என் முன்னிலையில் வாசித்துக் கையொப்பமிட்டார்.
(ஒப்பம்) டெய்ன் குலிக், வனவிலங்குக் காவல் அதிகாரி