தங்கச் சங்கிலி போட்ட காக்கா

— பாப்பா, உன்னாண்ட கற்பூரம் கீதா? ஏத்து, அணைச்சு சத்தியம் பண்றேன். இல்லாங்காட்டி கபாலீசுவரர் கோயில் எந்தப் பக்கம்னு சொல்லு, அந்தாண்ட திரும்பி நின்னு சொல்றேன். நான் சொல்லப் போறதுல ஒரு வார்த்த உடான்ஸ் கெடையாது. மெய்யாலுமே மெய்யி. இந்தக் கருணாகரன் பொய் சொன்னா நாக்கு அழுவிப் பூடும்.

— கடைக்குள்ள கற்பூரம் வேணாங்கய்யா, ஸ்மோக் அலாரம் அடிக்கும். உக்காருங்க. ஹரி சார், நீங்களும் உக்காருங்க. நாலு மணிக்கு பெர்லின்ல இருந்து டிசைனர் லைவ்ல வர்றார். இப்பவே மூணே கால். அதுக்குள்ள ஃபோட்டோவுல இருக்கிறது இந்த ஐயாதான்னு நமக்கு நிச்சயமாகணும். இல்லேன்னா பொம்மை ரிலீஸ் பெங்களூருக்குப் போயிடும்.

— பெங்களூருக்கா? நம்ம மந்தைவெளி சுவரைப் பார்த்துப் பண்ணின பொம்மையை பெங்களூர்ல விப்பாளா? என்ன அக்கிரமம் லாவண்யா இது.

— அவர் கண்டிஷன் அப்படி சார். 'அந்தச் சுவர்க் கலைஞரைக் கண்டுபிடிச்சு என் முன்னாடி நிறுத்து, உன் கடையிலேயே ரிலீஸ் பண்றேன்'னார். ரெண்டு மாசமா தேடறேன். இந்த அடையார் கடையைத் தொறந்து ஒரு வருஷமாச்சு. எங்கப்பா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட பொண்ணு ஐடியில இருக்கான்னுதான் சொல்லிட்டிருக்கார். பொம்மைக் கடைன்னு சொல்ல வாய் வரலையாம். இன்னைக்கு இது நடந்தாத்தான் கடை. இல்லேன்னா அப்பா சொல்றது உண்மையாயிடும்.

— பயப்படாத கண்ணு. எங்கூட்டாண்ட ஷாகிரான்னு ஒரு பொண்ணு கீது. பெரும்பாக்கத்துல, அதே எட்டாவது மாடி. அதுதான் போனக் காட்டி, 'கருணாண்ணே, உன்ன பொம்ம பண்ணி வித்துக்கினு கீறாங்க'ன்னுச்சு. லிப்டு வேல செய்யல. எட்டு மாடி எறங்கி, ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக் கீறேன். எங்க, அத்தக் கொண்டா.

— இதோ, சாம்பிளுக்கு வந்த ஒண்ணு. டப்பாவோடயே பாருங்க ஐயா, பிரிக்கக் கூடாது.

— அட. மடிச்சுக் கட்டுன லுங்கி. பக்கெட்டு. நீட்டக் கொம்புல பிரஷ்ஷு. தோள்ல காக்கா, காக்கா கயுத்துல தங்கச் சங்கிலி. தொப்பிய வேற பின்பக்கமாத் திருப்பிப் போட்டுக்கினு கீது. இன்னா தெனாவட்டு பாரு. அட, என் எடது காது. ஆட்டோ கண்ணாடி கிழிச்ச காது. அந்தாளு அத்தக் கூட உடல.

— இந்தப் பக்கம் திரும்புங்கோ பெரியவரே. ஆமா லாவண்யா, காது ஒத்துப் போறது. ஆனா நான் அவ்வளவு லேசுல ஏமாறமாட்டேன். மயிலாப்பூர்ல எங்காத்துல முந்நூத்துப் பன்னண்டு பொம்மை வச்சிண்டிருக்கேன். எல்லாம் ஹிப்ஹாப், கிராஃபிட்டி. ஒண்ணு கூட சீல் ஒடைக்கலை.

— தொறக்கவே இல்லியா நைனா?

— தொறந்தா மதிப்பு போயிடும்.

— அப்ப உள்ளாற பொம்ம கீதா இல்லியான்னு எப்டித் தெரியும்?

— குலுக்கிப் பார்ப்பேன்.

— ஊட்டம்மா ஒண்ணியும் கேக்கலியா?

— கேட்டா. கொலுவுலயாவது வைக்கலாமேன்னா. டப்பாவோடன்னா வச்சுக்கோன்னேன். வெத்தலை பாக்கு வாங்கிண்டவா எல்லாம், ஆத்துல மிக்ஸி ஏஜென்ஸி எடுத்திருக்கேளான்னு விசாரிச்சுட்டுப் போனா. அதை விடுங்கோ, கேள்வி நான்தான் கேக்கணும். நீங்க ஓல்ட் ஸ்கூலா, நியூ ஸ்கூலா?

— கார்ப்பரேசன் ஸ்கூலு. அஞ்சாவது வரைக்கும்.

— ஹரி சார், அவர்கிட்ட இப்படியா கேப்பாங்க. ஐயா, இந்த ஃபோட்டோவைப் பாருங்க. எட்டு வருஷம் முன்னாடி எடுத்தது. மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷன் சுவர், அதுல காக்கா படம். அது முன்னாடி பிரஷ்ஷைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறது நீங்கதானே?

— நாந்தான். ஆவணி மாசம், வெள்ளிக்கெயம, காலையில எட்டர. முட்டிக்கால் டவுசர் போட்ட வெள்ளக்காரன் ஒருத்தன் ஓடியாந்து 'ஒன் மினிட்'டுன்னான். நின்னேன். கிளிக்குன்னுச்சு. போய்ட்டான்.

— அந்தக் காக்காவைப் பத்தி சொல்லுங்கோ, பார்ப்போம்.

— காக்காவப் பத்தி என்னாண்ட கேளு நைனா. அத்த என்னக் காட்டியும் கிட்டக்கப் பாத்தவன் இந்த மெட்ராஸ்ல கெடையாது. வாலுல பதினோரு எறகு. கண்ணு மட்டும் மஞ்சா. சங்கிலி முப்பத்திரெண்டு கண்ணி, கொக்கி எடது பக்கம். மந்தவெளி மட்டுமா? லஸ்ஸு, தேனாம்பேட்ட, பாண்டி பஜாரு, மாம்பலம் ஸ்டேசன் பின்னாடி. மொத்தம் நாப்பத்தேயு காக்கா. ஒண்ணு உடாம இந்தக் கை தொட்டுக் கீது.

— நாப்பத்தேழா? லாவண்யா, உலகத்துக்குத் தெரிஞ்சது ஆறுதான்.

— மத்ததெல்லாம் எங்கங்கய்யா?

— வெள்ளையடிச்சாச்சு. எதுவும் மூணு நாளுக்கு மேல நின்னது கெடையாது.

— எந்தப் படுபாவி ஐயா அடிச்சான்?

— கொஞ்சமாவது ரசனை இருந்தா கை வந்திருக்குமா? ஞானசூன்யம்.

— அப்டி சொல்லாத நைனா. அவனும் வேலதான செய்யறான். ஒரு சொட்டு பிளாட்பாரத்துல சிந்திருக்குமா? ஓரம் வெட்டுனான்னா நூலு புடிச்ச மாரி இருக்கும். அத்த எவன் நின்னு பாத்தான்?

— பெரிய மனசு, பாத்தியா லாவண்யா. தன் படத்தை அழிச்சவனையே சிலாகிக்கறார்.

— டப்பா பின்னாடி டிசைனர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா ஐயா? 'வெள்ளைச் சுவர்களின் எதிரி'ன்னு.

— எதிரின்னு சொல்ல முடியாது. பயக்கம் ஜாஸ்தி.

— போலீஸ் தொரத்தினதுண்டா?

— தொரத்தறதா? ஜீப்புல வந்து இட்டுக்கினு போவாங்க. முன் சீட்டுல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, 'கருணா, நாளிக்கு மந்திரி வர்றாரு, இந்த ரோட்டக் கொஞ்சம் பாத்துக்க'ம்பாங்க.

— போலீஸ்லயே ரசிகாளா. இதெல்லாம் நியூயார்க்ல கூட நடக்கலை லாவண்யா.

— ஐயா, லைவ்ல அவர் கதை கேப்பார். நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.

— பாண்டி பஜார் காக்கா கீதே, அதோட சங்கிலிய ஒருத்தன் அத்துக்கினு போய்ட்டான்.

— படத்துல இருந்த சங்கிலியையா?

— சாயந்தர நேரம். வெயில் பட்டு அது டாலடிக்குது. பைக்குல வந்தவன் சும்மா போவானா? கைய வச்சு இஸ்தான். பெயிண்டு காயல. உள்ளங்கை பூரா மஞ்சா. அந்தக் கையோட அடுத்த தெருவுல மாட்டிக்கினான். ஸ்டேசன்ல எஸ்.ஐ. கேக்கறாரு, 'எத்தினி சவரன்?' எயுதணுமே. ரைட்டரு போய் சுவத்தாண்ட நின்னு கண்ணிய எண்ணிட்டு வந்து, 'பன்னெண்டு தேறும் சார், சேதாரம் போவ'ன்னாரு.

— சுவத்துல இருந்த சங்கிலிக்குச் சேதாரமா?

— டி. நகர்ல சேதாரம் இல்லாத சங்கிலி எங்க நைனா கீது?

— அந்தத் திருடன் என்ன ஆனான் ஐயா?

— கேஸ் நிக்கல. மூணாம் நாள் வெள்ளையடிச்சாச்சு, சாட்சி பூடுச்சு. தேனாம்பேட்ட காக்கா இன்னும் மோசம். அந்தச் சுவரு ஒரு கட்சிக்காரன் ரிசர்வ் பண்ணி வச்சது. ஓரத்துல கட்சி பேரப் போட்டு, அடுத்த எலெக்சன் வருசத்தப் போட்டு, இது எங்களுதுன்னு எயுதி வச்சுக் கீறான். நடுவுல காக்கா வந்து உக்காந்துக்குச்சு. எயுத வந்தவன் செருப்பக் கயட்டிட்டு நிக்கறான். மூதாதையராச்சே, மேல எயுத முடியுமா? சுத்தி எயுதிட்டுப் பூட்டான். 'உங்கள் வேட்பாளர்'னு போட்டு, கீய காக்கா. எலெக்சன் அன்னிக்கு அந்த பூத்துல மட்டும் அறுவது பேரு, மெசின்ல காக்காவத் தேடிட்டு, காணோம்னு மையோட வெளிய வந்துட்டாங்க.

— மூணு நாள்ல அழிச்சுடுவான்னேள். எலெக்ஷன் வரைக்கும் எப்படி இருந்தது?

— எலெக்சனுக்கு மூணு நாள் முன்னாடிதான நைனா அது வந்துச்சு.

— லாவண்யா, எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. ஒண்ணு கூட நம்பற மாதிரி இல்லை.

— நம்பாத. நீ மயிலாப்பூருதான? லஸ்ஸு கத சொல்றேன், கேளு. தை அமாவாச. நெசக் காக்கா ஒண்ணு கூட வர்ல. உங்காளுங்க எலயத் தூக்கிக்கினு மொட்ட மாடிக்கும் ரோட்டுக்கும் அலையறாங்க. ஒரு மாமி சந்துக்குள்ள வந்தாங்க. சுவத்துல நம்ம காக்கா. பாத்தாங்க, எலய வச்சாங்க, கண்ண மூடிக்கினு 'கா கா'ன்னாங்க. கண்ணத் தொறந்தா, எல காலி.

— எந்த வருஷம் இது?

— அதே வருசந்தான். எட்டு முடிஞ்சிருக்கும்.

— மாமி கையில வெண்கலப் பாத்திரமா?

— இல்ல. ஐஸ்கிரீம் வர்ற டப்பா. மூடி வேற நெறம்.

— லாவண்யா, இவர்தான். சந்தேகமே இல்லை. அது எங்க அத்தை. 'சங்கிலி போட்டுண்டு ஒரு காக்கா வந்து சாப்டதுடா'ன்னு ஆத்துல வந்து சொன்னா. புத்தி பெசகிடுத்துன்னு ஸ்கேன் எடுத்தோம். கடைசி வரைக்கும் அவ சொன்னதை ஒருத்தரும் நம்பலை.

— நம்பிருக்கலாம். வாயக்கா கறியில மட்டும் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காக்கா மூஞ்சி சுளிச்சுது.

— அழாதீங்க ஹரி சார், தண்ணி குடிங்க. ஐயா, நீங்க சொல்லுங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, உங்களுக்கு நான் என்ன செய்யணும்?

— இன்னா வெல இது?

— பதினெட்டாயிரம்.

— அந்தத் துட்டுக்கு நானே நைனா ஊட்டு அலமாரில வந்து நிப்பேனே. டப்பா கூட வேணாம், குலுக்கிப் பாக்க வேணாம்.

— கேளுங்க ஐயா, பரவாயில்ல.

— ஒரு பொம்ம குடு, போதும். எங்கூட்டுல ஜோதிலட்சுமின்னு ஒண்ணு கீது. தெனம் ஒரே பாட்டு. 'முப்பத்தொரு வருசம் பிரஷ்ஷப் புடிச்சியே, இது என் புருசன் செஞ்சதுன்னு ஊர்ல ஒரு சுவத்தக் காட்ட முடியுமா?' முடியாது. ஆத்தோரம் எங்க குடிச இருந்துச்சு, அதுக்காவது நாலு சுவரு இருந்துச்சு. ஒரு நாள் காலைல அத்தயும் இடிச்சு வண்டில அள்ளிக்கினு, எங்களப் பெரும்பாக்கத்துல உட்டுட்டாங்க. இந்தப் பொம்மய டீவி மேல வச்சேன்னா வாய மூடிக்கும். தொறந்துதான் வைப்பேன், முன்னாடியே சொல்ட்டேன்.

— தொறக்காதீங்கோ பெரியவரே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

— ஹரி சார், நாலாயிடுச்சு. லைவ் போட்டுட்டேன். ஐயா, பின்பக்கச் சுவரைப் பாருங்க. உங்களுக்காக அந்தக் காக்காவை அப்படியே பெருசா வரைய வச்சிருக்கேன். நாலு ஆர்ட்டிஸ்ட், ஆறு நாள் வேலை.

— வாலுல பத்து எறகுதான் கீது.

— பாத்தியா. அசல் ஆளுக்குத்தான் தெரியும்.

— டிசைனர் வந்துட்டார். வணக்கம் சொல்றார் ஐயா. ஒரே ஒரு விஷயம்தான் கேக்கறார். அன்னைக்கு நீங்க பிரஷ்ஷைத் தூக்கின நேரத்துல அவர் ஃபோட்டோ எடுத்துட்டு, பிளேனுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாராம். அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சிருப்பீங்கன்னு எட்டு வருஷமா யோசிச்சிட்டே இருக்காராம். அதை இப்ப செஞ்சு காட்டணுமாம்.

— அத்தயேவா?

— அதையேதான். துளி மாத்தக் கூடாதாம்.

— நல்லா ரோசன பண்ணிச் சொல்லு பாப்பா. கடை உன்னுது, சுவரு உன்னுது. அப்பால என்ன ஒண்ணியும் சொல்லக் கூடாது.

— நான்தானே சொல்றேன். செய்யுங்க ஐயா. அதோ, எல்லாக் கலரும் வாங்கி வச்சிருக்கேன்.

— வெள்ள ஒண்ணு போதும். தண்ணி ஒரு சொம்பு.

— வெள்ளை எதுக்கு ஹரி சார்?

— கண்ணுக்கு ஒளி வைக்கப் போறார். தெரிஞ்சவா கண்ணுலதான் ஆரம்பிப்பா.

— தள்ளிக்க நைனா, சட்டையில படும்.

— ஐயா. ஐயா, தலை போயிடுச்சு.

— பதறாதே. பேஸ் கோட்டா இருக்கும். அடுக்கு அடுக்காப் போடுவா.

— சங்கிலி போயிடுச்சு சார். தொப்பி போயிடுச்சு. வால் மட்டும்தான் பாக்கி இருக்கு. ஐயா, நிறுத்துங்க. ஆறு நாள் வேலை ஐயா அது.

— பாத்துக்க பாப்பா, ஒரு சொட்டு கீய சிந்தல.

— லாவண்யா, சித்த சும்மா இரு. போனைப் பாரு. பெர்லின்காரர் எழுந்து நின்னு கை தட்டறார். கண்ணெல்லாம் ஜலம். ஏதோ டைப் பண்றார். இரு, படிக்கறேன். 'தன் படைப்பைத் தானே அழிக்கிற இப்படியொரு கலைஞனை நான் பார்த்ததில்லை. ரிலீஸ் சென்னையில்தான். அடுத்த பொம்மை முழுக்க வெள்ளை.' லாவண்யா, அதுலயும் முதல் பொம்மை எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்.

— சென்னையிலதானா? கடை நின்னுடுச்சா? ஐயா, ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அத்தனை வருஷமா வரைஞ்ச படம், அதை உங்க கையாலேயே அழிக்க எப்படி ஐயா மனசு வந்துச்சு?

— கொஞ்சம் நவுரு கண்ணு, ரெண்டாவது கோட்டு போடணும், வாலு இன்னும் தெரியுது. வரைஞ்சவன் மனசு எனுக்கு எப்டித் தெரியும்? முப்பத்தொரு வருசமும் கார்ப்பரேசன்ல தினக்கூலிக்கு நான் பாத்த வேல, சுவத்துக்கு வெள்ளையடிக்கறது.