திரைக்கு உள்ளே இடமில்லை என்றவர்

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் பட்டறைத் தோழர்களுக்கும், மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நம் மூச்சுக் கருவிப் பட்டறையின் தலைமை மென்பொறியாளர், என் கொழுந்தனார், இறைவனடி சேர்ந்து பதினொரு நாள் ஆகிறது. கூட்டிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அவர் செய்த வேலை என்ன? கருவிக்குள் இருப்பது ஒரே ஒரு செயலி, கணக்குப் போடும் சில்லு. அதைக் கேட்டு நிற்கும் வேலைகளோ பல. காற்றுக் குழாயைத் திறந்து மூட வேண்டும். அபாய மணி அடிக்க வேண்டும். திரையில் படம் வரைய வேண்டும். யாருக்கு எப்போது முறை, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிற நடுவரைத்தான் கெர்னல் என்கிறோம். முறை முடிந்தும் நகராதவனைக் கடிகாரம் தட்டும். நடுவர் வெளியே அனுப்புவார். அந்த நடுவரை எழுதியவர் அவர். நடுவரின் அறைக்குள் வேறு நிரல் எதுவும் நுழையாமல் கதவடைத்தவரும் அவரே! அவரைக் "காவல்காரர்" என்று கேலி பேசாதவர் உண்டா இங்கே?

இரண்டு மாதத்துக்கு முன், படம் மெதுவாக வருகிறது, திரை நிரலை கெர்னலுக்குள் விடுங்கள் என்றார்கள் கருவி வாங்குகிறவர்கள். பட்டறை உரிமையாளரான என் கணவரும் சேர்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு நிரல்டா. சொந்தக்காரன்னு நினைச்சுக்கோயேன்."

"சொந்தக்காரங்களைத்தாண்ணே முதல்ல வாசல்ல நிறுத்தணும். வேகமா ஓடும், இல்லைங்கல. விழுந்தா மணியையும் இழுத்துக்கிட்டு விழும்."

தெரிந்துதான் சொன்னார். மூன்று வருடம் முன்பு, அவசரத்தில், காற்றை அளக்கத் தாம் எழுதிய அளவு நிரலைத் தாமே உள்ளே விட்டார். எழுதியவர் அவர்தானே, யார் தடுப்பது? சோதனை மேசையில் மனிதருக்குப் பதில் ரப்பர் பை. மூச்சை எண்ணிக் குறிப்பது என் வேலை. ஒன்பதாவதோடு பை நின்றது. அளவு நிரல் செயலியை விடவில்லை. நடுவரின் அறைக்குள்ளேயே இருந்ததால், கடிகாரம் தட்டியும் எடுபடவில்லை. மணி? அதுவும் தன் முறைக்குக் காத்திருந்தது! நாற்பத்தொரு விநாடி கழித்து அவர் மின்சாரத்தைப் பிடுங்கினார்.

"எழுதுங்க அண்ணி. தப்பு என்னுது. நேரத்தையும் போடுங்க."

அன்றே தம் நிரலையும் வெளியே தள்ளினார். தமக்கே விலக்கு வைத்துக்கொள்ளாத மனிதரை வேறு என்ன சொல்லிப் புகழ?

இப்போது அவர் இல்லை. போன வாரம் திரை நிரல் உள்ளே போய்விட்டது. திங்கட்கிழமை இருபது கருவிகள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோதனைத் தாளில் கையெழுத்து போட வேண்டியவள் நான்.

"நாலு நாள் ஓடிச்சுல்ல? ஒரு கையெழுத்துதானே," என்றார் என் கணவர், காலையில்.

அளவு நிரலும் அன்று ஒன்பதாவது மூச்சு வரை நன்றாகத்தான் ஓடியது. கும்பிட்ட கையால் அந்தத் தாளில் எழுத எனக்கு வராது. திரையை வெளியே வைத்தே படத்தை வேகமாக்க ஆறு வாரம் போதும் என்கிறார்கள் நம் நிரலாளர்கள் இருவரும். அந்த ஆறு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணித் தருவேன். அதுவரை கையெழுத்து கிடையாது.

தலைமை வகிக்கும் உரிமையாளர் அவர்களே, இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டில் சொன்னால் சண்டை, சாப்பாட்டோடு முடிந்துவிடும். இங்கே சொன்னால் இத்தனை பேர் சாட்சி.