கேட்காமல் விட்ட எண்

“பதினாறாம் தேதி பேப்பர் எனக்கு வேணும் சார்.”

மாடத்தி இப்படித்தான் கேட்டாள். கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். இந்த மழைக்கு கரண்ட் இப்போதைக்கு வராது. இந்த மாடத்தி நம் காளியம்மாளின் பெரியம்மா மகள். காளியம்மாள் இதோ சுவரோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கூட்டிச் சொன்னால் அவளே நிறுத்துவாள்.

போன வருஷம், எண்பத்தேழு, ஜூன் மாதம். மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர். ஒருவர் வெங்கிட்டு சார், எல்லா புரோகிராமையும் எழுதியவர். இன்னொருத்தி மாடத்தி. அவள் வீட்டில் முதல் டிகிரி அவள்தான். அப்பா அதே தெருவில் மூட்டை தூக்கியவர். ஆபீஸில் அவள் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் வாயோரம் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். பேரைச் சொல்ல என்ன சிரிப்பு? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

வெங்கிட்டு சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கிட்ட மொத நாளே சொன்னேனோல்லியோ, பழைய பேப்பரக் கேக்கப்படாதுன்னு? அது மழையில நனஞ்சு கூழாயிடுத்து.”

“இரும்பு பீரோவுக்குள்ளயா சார் மழை பெஞ்சுது?”

“வாயப் பாரு. நான் கேட்டது இந்தக் கடிதாசியில ஒரு கையெழுத்து. புரோகிராம்ல தப்பு இல்லேன்னு. எழுதினவனே குடுத்தா போலீஸ்ல எடுபடாது. நீதான் பி.எஸ்ஸி.யாச்சே. காலம்பர ஏழு மணிக்கு வரேன். போட்டு வை. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ.”

எதற்குக் கையெழுத்து என்று சொல்லிவிடுகிறேன்.

அங்கே கிடங்குகளில் பூச்சிக்கு மருந்து வைப்பார்கள். மூட்டைகளுக்கு நடுவில் மாத்திரை. அதிலிருந்து விஷக் காற்று கிளம்பும். கதவைப் பூட்டி, இடுக்கில் எல்லாம் காகிதம் ஒட்டி, ஐந்து நாள் திறக்க மாட்டார்கள். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே போனவர் நம்பர் ஒரு பட்டியலில் ஏறும், வெளியே வந்தவர் நம்பர் இன்னொன்றில். சாயங்காலம் ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். திரையில் ‘எல்லாரும் வெளியே’ என்று ஆங்கிலத்தில் வரும். வந்ததும் காகிதம் ஒட்டுவார்கள். பட்டியல்கள் மறுநாள் காலையில் அழிந்துவிடும். பொருந்தாத நம்பர் இருந்தால் அதை அடித்துத் தருகிற பிரிண்டர் பேப்பர் மட்டும்தான் மிச்சம். அதை யாரும் படிப்பதில்லை. அப்படியே பீரோவுக்குள் போய்விடும்.

பதினாறாம் தேதி திரையில் ‘எல்லாரும் வெளியே’ என்று வந்தது. மூன்றாம் கிடங்குக்குக் காகிதம் ஒட்டினார்கள். உள்ளே பிச்சை இருந்தான். காய்ச்சலோடு மூட்டை மறைவில் படுத்திருக்கிறான். ஐந்து நாள் ஆளைக் காணோம் என்றதும் மேஸ்திரி, “ஊருக்குப் போயிருப்பான்” என்றான். பாண்டி நாட்டிலிருந்து, அதாவது நம் தமிழ்ப் பக்கத்திலிருந்து, கூலிக்கு வந்தவர்கள் காணாமல் போனால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஆறாம் நாள் கதவைத் திறந்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? மிளகு திருட ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறான் என்றது. பிச்சையின் பெண்டாட்டி மாயம்மாளைத் தண்ணிக் குழாயடியில் ‘கள்ளன் பெண்டாட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாடத்தி கையெழுத்துப் போட்டால் அது எழுத்தில் ஏறிவிடும். பிச்சை திருடன்தான்.

அவளுக்குப் பிச்சையைத் தெரியும். மானிட்டரைப் பார்த்து, “டீச்சரே, இந்த டி.வி.யில படம் எப்பப் போடுவீங்க?” என்று தினமும் கேட்பவன்.

“ஏடி, இதுல பேய் எங்க?” என்றுதானே முணுமுணுக்கிறாய்? பொறு.

வெங்கிட்டு சார் கையெழுத்துக் கேட்ட அன்று மாடத்திக்கு ராத்திரி டூட்டி. டேப்பில் நகல் எடுக்கிற வேலை. பத்தரை மணிக்கு பஜார் ரோட்டில் நடந்து வந்தாள். பகலில் அந்த ரோட்டில் கைவண்டிக்கும் லாரிக்கும் நடுவில் கால் வைக்க இடம் இருக்காது. ராத்திரி... இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். நடுவில் மழை. காயலில் எங்கோ ஒரு படகு மரத்தில் மோதிக்கொண்டே இருந்தது. டக்... டக்... கேட்டில் வாட்ச்மேன் தங்கையா ஒருவர்தான். “சாயா வேணோ மோளே?” என்றார். டீ வேண்டாம் என்று உள்ளே போனாள்.

அறையில் அவளும் மின்விசிறியும். வெங்கிட்டு சாரின் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தாள்.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அந்த மெஷினில் ஒவ்வொரு கட்டளையும் வேலை முடிந்து போகும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி. வேறு எந்த எண்ணானாலும் ஏதோ கோளாறு. ஆனால் அது தானாகச் சொல்லாது. நாம் கேட்க வேண்டும். அதுவும் உடனே கேட்க வேண்டும். அடுத்த கட்டளை ஓடிவிட்டால் பழைய எண் போயே போச்சு.

வெங்கிட்டு சார் கேட்டிருந்தார். கேட்கத்தான் செய்தார். ஆனால் ஒப்பிடுகிற கட்டளையையும் பிரிண்டருக்கு அனுப்புகிற கட்டளையையும் ஒரே வரியில் குழாய் மாதிரிக் கோத்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்டிருந்தார். அப்படிக் கோத்தால் கடைசியில் நிற்கிற கட்டளையின் எண்தான் கிடைக்கும். முன்னால் நிற்பது ‘ஒரு ஆள் குறைகிறது’ என்று கத்தினாலும் காதில் விழாது. பிரிண்டர் கட்டளைக்கு என்ன? பேப்பரை வாங்கிக்கொண்டேன், எனக்கு ஒரு குறையும் இல்லை... பூஜ்யம்.

இரண்டு வருஷமாக அந்தக் கம்பெனி ஆட்களைப் பற்றி பிரிண்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாடத்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். புரோகிராமை நகல் எடுத்தாள். வரியை இரண்டாகப் பிரித்தாள். முதலில் ஒப்பிடு. உடனே அதன் எண்ணைக் கேட்டுத் திரையில் காட்டு. பிறகு பிரிண்டர். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அன்றைய பட்டியல்களையே கொடுத்தாள். உள்ளே போனவர் முப்பத்தைந்து. வெளியே வந்தவர் முப்பத்தைந்து. பூஜ்யம்தான் வர வேண்டும்.

ஒன்று என்று வந்தது.

பிரிண்டர் ஒரு வரி அடித்தது. கர்ரக்.

பேப்பரில் 41.

உள்ளே போனவர் பட்டியலைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தாள். 41 அதில் இல்லை. இருக்க முடியாது. அது பிச்சையின் டோக்கன். அவன் செத்தபிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுபடி ஓட்டினாள். ஒன்று. கர்ரக். 41.

வெங்கிட்டு சாரின் பழைய புரோகிராமை ஓட்டினாள். ‘எல்லாரும் வெளியே.’

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். அப்போதுதான் அந்த வாடை... அழுகிய பூண்டு மாதிரி. மருந்து மாத்திரையின் வாடை. அந்த வாரம் எந்தக் கிடங்கிலும் மருந்து வைக்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் எதையும் தொடவில்லை. பிரிண்டர் தானாக இன்னொரு 41 அடித்தது.

கர்ரக்.

அப்புறம் முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். தட்டுகிற சத்தம் இல்லை. உள்ளங்கையை விரித்து மரத்தில் அறைகிற சத்தம். மூன்று தரம். பிறகு நின்றது... யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருப்பது மாதிரி. மறுபடி மூன்று தரம். இந்தத் தடவை மெதுவாக.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானும்தான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். மூன்றாம் கிடங்கு. வெளியே பூட்டுத் தொங்கியது. கதவிடுக்கில் பழைய காகிதப் பட்டைகள் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மழைக் காற்று அடித்தது. பட்டைகள் காற்றோடு ஆடவில்லை. வெளிப்பக்கம் உப்பின... அடங்கின... உப்பின... அடங்கின. உள்ளேயிருந்து யாரோ இடுக்கில் வாயை வைத்து மூச்சு விடுவது மாதிரி.

அவள் கதவில் கையை வைத்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணே. நீங்க வெளிய வரல.”

பட்டைகள் அசையவில்லை. அதன்பிறகு விடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. மழைகூட நின்றுவிட்டது. அந்த அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பயமாக இல்லையா என்று காளியம்மாள் கேட்டிருக்கிறாள். “பயம் இல்லடி. அஞ்சு நாள் அவர் எப்படி இருந்திருப்பார்னு மட்டும் தோணிக்கிட்டே இருந்துது” என்றாளாம்.

ஏழு மணிக்கு வெங்கிட்டு சார் குடையை உதறிக்கொண்டு வந்தார். திருநீற்று வாசனை.

“போட்டாச்சா?”

“இல்ல சார். தப்பு இருக்கு. எந்த வரின்னு எழுதி வெச்சிருக்கேன்.”

அவர் கடிதாசியைப் பார்த்தார். 41 என்று மூன்று வரி அடித்த பேப்பரைப் பார்த்தார். சிரித்தார்.

“இது நீ டைப் பண்ணினது.”

“நீங்களே ஓட்டிப் பாருங்க.”

“நான் எழுதினதுக்கு நீ திருத்தமா? மூட்டை தூக்கறவன் பொண்ணு?”

மாடத்தி எழுந்தாள். கையெழுத்தில்லாத கடிதாசியை அவர் மேஜைமேல் வைத்தாள். பிரிண்டர் பேப்பரையும் தப்பை எழுதிய தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டினாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வெங்கிட்டு சார் உட்கார்ந்துவிட்டார்.

கேட்டில் தங்கையா எழுந்து நின்றார்.

“எங்கோட்டு மோளே? ஆபீஸ் தொறக்கற நேரம்லா.”

“மாயம்மா அக்காவைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன் மாமா. இனி இங்க வர மாட்டேன்.”

உள்ளே பிரிண்டர் அடித்தது. கர்ரக். ஒரு வரி.

அவள் கேட்டைத் தாண்டினாள். இன்னொரு வரி.

தங்கையா திரும்பி ஆபீஸ் பக்கம் பார்த்தார். மாடத்தி திரும்பவில்லை. ஈர ரோட்டில் நடந்தாள். மூன்றாவது வரி. நான்காவது. உள்ளே வெங்கிட்டு சார் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அவள் நிற்கவில்லை. தெருமுனை திரும்புகிறவரை காதில் விழுந்ததாம்... ஒவ்வொரு வரியாக... நிதானமாக, யார் யாரோ வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தங்கள் நம்பரைச் சொல்வது மாதிரி.