ராய்ஸின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குழலைப் பற்றித்தான் கேட்பார்கள். எது நல்லது, எவ்வளவு நீளம், எவ்வளவு தூரம் பாயும். நான் பதில் சொல்லமாட்டேன். கையை நீட்டுங்கள் என்பேன். கை, தோள், கழுத்து, கண் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பேச்சு. சட்டை தைக்கிறவன் அளவெடுக்காமல் துணியை வெட்டுவானா? டெபுடி ஹாஸ்கின்ஸ், போன வருஷம் உங்களுக்கும் அப்படித்தான் செய்தேன். உங்களுக்கு இடது கண்தான் வலுவான கண் என்பது நான் சொல்லித்தானே தெரிந்தது.

பதிவு ஓடட்டும். வக்கீல் வேண்டாம். இன்னொரு காப்பி கிடைத்தால் நல்லது. எங்கள் கடைக் காப்பியை விட மோசமான காப்பி இந்த மொன்டானாவில் கிடையாது என்று நினைத்திருந்தேன், ஷெரிப் அலுவலகத்துக்கு வரும்வரை.

ராய்ஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது சரியில்லை என்று சொல்லத்தான் வந்தேன். என் தங்கை வெர்லாவின் சாவுக்குத் தானே காரணம் என்று அவள் புருஷனான அவன் நம்புகிறான். தோட்டாவை மாற்றிப் போட்டுவிட்டேன் என்கிறான். நீங்களும் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அவன் எதையும் மாற்றிப் போடவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் வெர்லா கடைக்கு வந்தாள். ஆடுகளை மலையிலிருந்து இறக்கிய கையோடு வந்திருந்தாள். மேலெல்லாம் கம்பளி வாடை. கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு, "அண்ணா, அவருக்கு வசந்தத்துல அறுபது ஆகுது. ஒரு துப்பாக்கி சேர்த்துக் குடுக்கணும். சுவத்துல தொங்குறது வேணாம். நீ ஒவ்வொரு பாகமா பொறுக்கி எடுத்தது வேணும்" என்றாள்.

"அவன்தான் பழசு ஒண்ணு வெச்சிருக்கானே."

"அது பொணக் கனம் கனக்குது. அதைத் தூக்கினா தோள்வலி அவரை ரெண்டு நாளைக்கு எந்திரிக்க விடாது. ஆடு குட்டி போடுற நேரத்துல கயோட்டி நரி வந்தா நான்தான் பானையைத் தட்டிட்டு ஓடறேன். எனக்கும் வயசாகலையா?"

சரி என்றேன். அவள் கேட்டு நான் மறுத்தது கிடையாது. எங்கள் அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் கூடச் சேரவில்லை. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவள்.

குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பாகங்களைத் தேர்ந்தெடுத்தோம். எண் பொறித்த அடிப்பாகம் ஒன்றுக்குத்தான் சட்டப்படி துப்பாக்கி என்று பெயர். அது மட்டும் கடை வழியாக, காகிதம் எழுதி வரவேண்டும். மற்றதெல்லாம் பூந்தொட்டி வாங்குவது போலத்தான். வாசலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஆண்பிள்ளைகள் அறுபது வயதிலும் பெட்டியைப் பிரிக்கும்போது ஆறு வயதுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ராய்ஸும் அப்படித்தான். அவனுக்கு விளக்கு வேண்டும், லேசர் வேண்டும், பக்கவாட்டில் ஒரு குட்டிக் கண்ணாடி வேண்டும், முன்னால் இரண்டு கால் வேண்டும்.

"காப்பி மெஷினையும் ஒரு ஓரமா மாட்டிக்கோங்க" என்றாள் வெர்லா. "விடியக்காலைல எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"உனக்கென்னடி தெரியும். நரி இருட்டுல வருது."

"ராய்ஸ், சுமந்துட்டு மேட்டுல ஏறப்போறது நீ" என்றேன். "இவ்வளவையும் மாட்டினா நரி உன்னைப் பாத்துப் பரிதாபப்பட்டுத் தானா செத்தாத்தான் உண்டு."

அவன் சிரித்தான். அவன் சிரிப்பு நல்ல சிரிப்புத்தான், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. மெல்லிய, எடை குறைந்த குழல். அவன் விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடப்பதால் பட்டும் படாமல் இழுத்தாலே விழுகிற விசை. அந்தி மசங்கலிலும் தெளிவாகக் காட்டுகிற ஸ்கோப். தோளில் பதிகிற பின்கட்டைக்கு மட்டும் நிறைய யோசித்தேன். குளிரில் அவன் தடிக் கோட்டு போடுவான், கோடையில் வெறும் சட்டை. பொத்தானை அழுத்தினால் நீளமும் குட்டையுமாக நகர்கிற கட்டையை எடுத்தேன். நான் சேர்த்த துப்பாக்கிகளில் அதைவிட ஒழுங்கானது வேறு இல்லை.

அந்த மேசையில் ராய்ஸுக்கு எதிர் நாற்காலி என் மகன் வேட் உட்கார்ந்தது. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேட் ராய்ஸிடம் வேலை பார்த்தான். அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரியில், பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்த சரிவில், தவறிப்போன ஆடுகளைத் தேடிவரச் சொல்லி ராய்ஸ் அவனை நாலு சக்கர பைக்கில் அனுப்பினான். பைக் உருண்டது. சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். டயர்கள் மொட்டையாக இருந்ததை நான் பார்த்தேன். ராய்ஸ் கொன்றான் என்று நான் சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தட்டில் மிளகாய்க் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்தான்.

"தங்கமான பையன்" என்றான். "டயரை மாத்தணும் மாத்தணும்னு நெனச்சுட்டே இருந்தேன். இந்தக் குளிர்ல எங்க முடியுது." பிறகு ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றான்.

நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். மன்னிச்சுக்கோ என்று. அதைச் சொல்ல அவனுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. உப்பை எடு என்பான், கதவைச் சாத்து என்பான், அதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது, டெபுடி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாற்காலி காலியாக இருக்கும், பக்கத்தில் வெர்லா உருளைக்கிழங்கு பரிமாறுவாள், எனக்கு வலிக்கும்.

இனி குழல். அந்த வகைத் துப்பாக்கிக்கு ஒல்லித் தோட்டா ஒன்று, தடித் தோட்டா ஒன்று என்று இரண்டு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். உடல் ஒன்றுதான், தோட்டா அடைக்கிற மேகசின் ஒன்றுதான். குழல் மட்டும்தான் வேறு. தடியை ஒல்லிக் குழலில் போட்டுச் சுட்டால் அது வெளியே போக வழி கிடையாது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். நாட்டில் எங்காவது ஒருவன் வருஷா வருஷம் இந்தத் தப்பைச் செய்துகொண்டுதான் இருக்கிறான். அதனால்தான் ஒரே வீட்டில் இரண்டும் வேண்டாம் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் கத்திக் கத்திச் சொல்வேன். வைத்தே ஆகவேண்டும் என்றால் மேகசினில் சிவப்புப் பட்டை சுற்றிக்கொள்ளச் சொல்வேன்.

ராய்ஸின் பழைய துப்பாக்கி தடித் தோட்டாவுக்கானது.

அவனே கேட்டான். "ரெண்டும் ஒரே தோட்டாவா இருந்தா நல்லதில்லையா மச்சான்?"

"ஒல்லி ரொம்ப தூரத்துக்கு நேரா போகும். நரி சரிவுக்கு அந்தப் பக்கம்தானே நிக்குது. எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றேன். நான் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. வேறு யார் கேட்டிருந்தாலும் அவற்றைச் சொல்லியிருக்கமாட்டேன்.

அன்றைக்கே அவனுடைய பழைய மேகசின்கள் எல்லாவற்றிலும் என் கையாலேயே சிவப்புப் பட்டை சுற்றினேன். வெர்லா பக்கத்தில் நின்று பார்த்தாள். "எங்கண்ணனுக்கு எப்பவும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தாள். பின்னால் நீங்கள் விசாரித்தபோது ராய்ஸும் அதையே சொன்னான் அல்லவா? மச்சான் ஹார்லன் பட்டை கட்டியே கொடுத்தான், நான்தான் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று.

கொல்ல நினைக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கை போகும், கன்னம் கிழியும், ஒரு கண்ணும் போகலாம் என்று நினைத்தேன். பூட்ஸ் நாடாவை ஒற்றைக் கையால் கட்டும்போதெல்லாம் அவனுக்கு வேடின் நினைப்பு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில், அவன் பிறந்தநாளன்று, தேவாலயம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அலமாரியில் இருந்த அவனுடைய தகர டப்பாவிலிருந்து ஒரு தடித் தோட்டாவை எடுத்தேன். ராய்ஸ் தன் கையால் ஒல்லிகளை நிரப்பிவைத்திருந்த புது மேகசினில் அதை மேலே வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் வெர்லா கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சுத் தடவிக்கொண்டிருந்தாள். விரலில் கொஞ்சம் எடுத்து என் வாயில் தடவிவிட்டுப் போனாள்.

கொட்டகைக்குப் பின்னால் சரளைப் பள்ளம் இருக்கிறது, அங்கே போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சேர்த்த துப்பாக்கியின் முதல் குண்டு சொந்தக்காரனுடையது. மற்றவன் சுட்டால் துப்பாக்கி சொந்தக்காரன் பேச்சைக் கேட்காது என்பார்கள். யாரும் அதை மீறி நான் பார்த்ததில்லை. அதை நம்பித்தான் எல்லாம் செய்தேன்.

ராய்ஸ் துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். "நீ போடு மச்சான். பொறுக்கி எடுத்தவன் நீதானே."

"உன்னுது. நீதான் போடணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றான். "எனக்குன்னு யாரும் எதுவும் செஞ்சதில்ல ஹார்லன். எங்கப்பன் கூட செஞ்சதில்ல. இவ செஞ்சா. முதல் குண்டு இவ போடட்டும்."

"அய்யோ, எனக்கு வேணாம்" என்றாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம், முகத்தில் தெரிந்தது. அவன் பொத்தானை அழுத்திக் கட்டையை அவள் கைக்குக் குட்டையாக்கினான். அசையாத கட்டையாக எடுத்திருந்தால் அவள் கைக்கு எட்டியே இருக்காது. அவன் அப்படி யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கென்று விட்டுக்கொடுத்தான்.

கத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எல்லோரும் காதுக்கவசம் மாட்டியிருந்தோம். கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. கணநேரத்தில் முடிந்துவிட்டது.

வெடித்த துப்பாக்கியின் இரும்புத் துண்டு அவள் கழுத்தில் பட்டிருந்தது. ராய்ஸ் தன் கோட்டைக் கழற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஹெலிகாப்டர் வந்தபோதும் விடவில்லை. கோட்டை விலக்க இரண்டு பேர் அவன் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் அவள் தலைமாட்டில் மண்டிபோட்டிருந்தேன். முடியில் சரளைத்தூள் படிந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ராய்ஸ் என் வீட்டுக்கு வந்தான். பாதி ஆளாகிவிட்டான். உள்ளே வரவில்லை, என் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான்.

"மச்சான், வேட் விஷயத்துல நான் உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்த டயரை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்பினேன். உம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல. எதையாவது பேசி, எதையாவது தின்னு ஓட்டிட்டேன். இப்ப எனக்குத் தெரியுது. மன்னிச்சுக்கோ." அழுதான். "உன் தங்கச்சியையும் கொன்னுட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்கோ."

நான் அவன் தோளில் கை போட்டேன். போகட்டும் விடு, மன்னித்துவிட்டேன் என்றேன். இரண்டையும் சேர்த்து. அவன் போன பிறகு சூப்பைச் சூடாக்கிக் குடிக்க உட்கார்ந்தேன். இறங்கவில்லை. அன்றிலிருந்து எதுவும் சரியாக இறங்கவில்லை. அவன் கேட்ட மன்னிப்பில் ஒன்று அவன் கேட்க வேண்டியதல்ல. அவன் வீட்டில் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன, டெபுடி. இன்றைக்கே யாரையாவது அனுப்பி எடுத்து வந்துவிடுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

கோப்போடு எடுத்துவந்த வெர்லாவின் காதுக்கவசத்தை ஏன் அப்படிப் புரட்டிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆமாம், உள்ளே பேட்டரி இருக்கிறது. அது எங்கள் கடையில் விற்கிற வகை. வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும், பேச்சைக் கொஞ்சம் பெரிதாக்கியே உள்ளே விடும். வெர்லாவுக்கு வாங்கிக்கொடுத்தது நான்தான். கிசுகிசுத்தால் கூடக் கேட்டிருக்கும்.

துப்பாக்கியைத் தோளில் வைத்தவள் உடனே சுடவில்லை. திரும்பிப் பார்த்தாள். ராய்ஸை அல்ல, என்னைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் ஆற்றில் இறங்கும் முன்னால் கூட அப்படித்தான் பார்ப்பாள். "அண்ணா, இது தோள்ல இடிக்குமா?" என்று கேட்டாள்.

இடிக்காது என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அந்தக் குழலுக்கும் அந்தக் கட்டைக்கும் கொஞ்சமும் இடிக்காது.