கதவுக்கு உள்ளே கேட்ட குரல்

எங்கள் கொல்லைக் குளத்துத் தண்ணீர் ஒரு கோடையிலும் உப்புக் கரித்ததில்லை. தெருவில் பாதிக் கிணறுகள் சித்திரை பிறந்தால் வாயில் வைக்க முடியாது. இந்தக் குளத்தில் மட்டும் தலைக்கு ஊற்றினால் முடி பஞ்சு மாதிரி இருக்கும். பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் அதைச் சொல்லாமல் போவதில்லை. நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

நாட்டாண்மை பீர் மைதீன் மரைக்காயர் அவர்களுக்கு, நீங்கள் போன வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பிக் கேட்ட விஷயத்துக்குத்தான் இந்தப் பதில். எனக்கு அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ்தான் எழுத வரும். நீங்களே படித்துவிடுவீர்கள் என்பதால் யாரையும் வைத்து எழுதாமல் நானே எழுதுகிறேன்.

நமது பெண்கள் குளத்தை ஜமாஅத் புதுப்பிக்கப் போகிறது, மகிழ்ச்சி. காவலுக்குப் பழையபடி நூகு நானாவையே வைக்கலாமா, அல்லது அன்று அவர் செய்த தவறை மனத்தில் வைத்து வேறு ஆள் பார்க்கலாமா என்று இரண்டு பேச்சு இருப்பதாகச் சொன்னீர்கள். நான்கு வருடத்துக்கு முன்பு விசாரணையில் சாட்சி சொன்னவள் என்பதால் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நியாயம். ஆனால் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை.

ஆண்பிள்ளைகள் அந்தச் சுவருக்கு உள்ளே வந்ததில்லை. உங்களுக்கு ஏற்பாடு முழுதும் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர், ஒரே கதவு. கதவுக்கு வெளியே கல்லில் நூகு நானா உட்கார்ந்திருப்பார். நாங்கள் துப்பட்டி போர்த்தி வரும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் தடியால் கதவைத் தட்டி, "என்னம்மா சத்தம்?" என்பார். உள்ளே இருப்பவர்களில் ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை தட்டியும் பதில் இல்லாவிட்டால், பெண்கள் மூடிக்கொள்ள நேரம் கொடுத்து, சத்தமாக நபி பேரில் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வரலாம். இருபது வருடத்தில் இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறார். ஒரு தடவை ஒரு குழந்தை, ஒரு தடவை மயங்கி விழுந்த ஒரு கர்ப்பிணி. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பதில் சொல்லும் குரல் யாருடையது என்று அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. அந்நிய ஆண் ஒருவர் இது இன்னார் வீட்டுப் பெண்ணின் குரல் என்று வெளியே சொன்னால், அந்தப் பெண்ணுக்கும் அவமானம், அவருக்கும் அவமானம். இதைச் சிறுவயதிலிருந்தே எல்லாரும் அறிவோம். எனக்கு நன்றாகவே தெரியும்.

என் வீட்டுக்காரர் மன்சூர் அலி சைகோனிலிருந்து கடையை முடித்துக்கொண்டு திரும்பியது, இங்கே பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிய வருடம். பதினொரு வருடம் கழித்து வந்தார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லிடம் கொடுக்கட்டும், யாரையும் கடிந்து பேசாத மனிதர். அவருடைய உம்மா, பெண்கள் குளத்தின் தெற்குப் படியைக் கட்டித் தருவதாக நிய்யத்து வைத்துவிட்டு, அது நிறைவேறும் முன்பே மௌத்தானவர். அதற்காகவே என் வீட்டுக்காரர் கும்பகோணத்திலிருந்து கருங்கல் வரவழைத்தார். கற்கள் குளத்து வாசலில் இறங்கியும்விட்டன. அப்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் படி கட்டிக் குடுத்துட்டு, நம்ம மக நபீசா மட்டும் நாலு பேரோட நின்னு குளிக்கணுமா? கொல்லை சும்மாத்தானே கெடக்கு. நமக்குன்னு ஒரு குளம் வெட்டினா என்ன?"

"ரெண்டும் முடியாது புள்ளே. ஒண்ணுதான் முடியும். தெக்குப் படியில ஒரு கல்லு ஆடுதுன்னு சொல்றாங்களே?"

"அது பத்து வருஷம் தாங்கும்."

அந்தக் கல் ஆடுவது எனக்குத் தெரியும். மேலிருந்து நான்காவது. தினமும் அதன் மேல் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். கடைசியில் அவர், "நீ சொல்றதுதான். பதினொரு வருஷம் தனியாக் கெடந்தவ நீ" என்றார். மறுநாள் மாட்டு வண்டி வைத்துக் கற்களை எங்கள் கொல்லைக்கு ஏற்றிவந்தோம். கருப்பையன் கொத்தனார் கதவுக்கு வெளியே நின்று, "ரெண்டு கல்லை மட்டும் அங்கேயே உட்டுட்டா அந்த ஆடற படியை மாத்திப்புடலாம்மா. அரை நாள் வேலை, கூலிகூட வேணாம்" என்றார். கல் எல்லாம் அளவாகத்தான் வந்திருக்கிறது என்று நபீசாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். நான்கு கற்கள் மிஞ்சின. இன்றைக்கும் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, அவற்றின் மேல் வறட்டி காயவைக்கிறோம்.

தனிக் குளம் எதற்கு என்று ஊரில் பேசினார்கள். சைகோன் பணத்தில் திமிர் என்றார்கள். அதுவாகவே இருந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது, திமிர் என்றால் வெட்கப்பட அவ்வளவு இல்லை. எனக்கு இடது மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் வெண்படை. அவர் போன மூன்றாம் வருடம் ஒரு பொட்டாக வந்தது, பிறகு உள்ளங்கை அகலம், பிறகு இரண்டு கை அகலம். அவர் திரும்பி வந்த அன்றைக்கே விளக்கைத் தணித்துவிட்டேன். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. கொலையை எழுதுவதைவிட இதை எழுதக் கை கூசுகிறது என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

குளத்தில் நாங்கள் யாரும் வெறும் உடம்போடு குளிப்பதில்லை. பழைய சேலையைப் பாதியாகக் கிழித்து மார்புக்கு மேல் கட்டிக்கொள்வோம். நான் இன்னும் ஒரு விரல் மேலே கட்டுவேன். அப்படியும் ஒரு நாள் முடிச்சு நெகிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அடுத்த வீட்டு ஜொஹரா லாத்தா, எனக்கு அக்கா முறை. அவர் மட்டும் பார்த்தார்.

ஜொஹரா லாத்தா கெட்டவர் இல்லை. அவருடைய நாத்தி சஃபியாவின் மகனுக்குத்தான் நபீசாவைப் பேசிக்கொண்டிருந்தோம், பேச்சை நடத்தியதே அவர்தான். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு ஏன்டி இப்படி நடுங்குற? நானாப் போயி எவகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா, குடும்பத்துல ஏதாச்சும் உண்டான்னு அவங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்தப் புள்ளைக்கும் வந்துட்டா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

தை மாதத்து வியாழக்கிழமை அது. எங்கள் குளத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு நடந்துகொண்டிருந்தது, இன்னும் ஒன்பது நாளில் தண்ணீர் விடலாம் என்று கருப்பையன் சொல்லியிருந்தார். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில் பெண்கள் குளத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் நான் அப்போது போவேன். நான் இருக்கும்போது ஜொஹரா லாத்தா வந்தார். வந்ததும் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை சஃபியா வர்றா. என்கிட்ட எல்லாம் விசாரிச்சுக்கிட்டுத்தான் பேசி முடிப்பாளாம்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க லாத்தா?"

"கேட்டாப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அவருக்கு நான்காவது படியைப் பற்றித் தெரியும். ஆனால் பேசிக்கொண்டே இறங்கினார். கல் புரண்டது. தெற்குப் பக்கம் ஆழம். நம் பெண்களில் யாருக்கு நீச்சல் தெரியும்?

ஒரு தடவை முழுப் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "சுல்தான் பீவி" என்று. அப்புறம் கை மட்டும் வந்தது. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து கையை நீட்டினேன், எட்டவில்லை. துணி வீசியிருந்தால் பிடித்திருப்பார். ஆனால் என் உடம்பில் இருந்தது அந்த ஒற்றைத் துணிதான். அதை அவிழ்த்த நேரத்தில் நூகு நானா உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஒரு பெண்ணால் அதைச் செய்ய முடியுமா? எத்தனையோ ராத்திரி இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறேன்.

கதவு தட்டப்பட்டது. நான் பேசவில்லை.

"என்னம்மா சத்தம்?"

இரண்டாம் முறையும் தட்டினார். மூன்றாம் முறையும் தட்டினார். நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதும். வாயைத் திறக்காமல் இருந்தாலே ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு அவர் உள்ளே வந்திருப்பார். அவர் கடலோரத்தில் பிறந்தவர். ஒரே பாய்ச்சலில் தூக்கியிருப்பார்.

"ஒண்ணுமில்ல நானா. துணி தொவைக்கிறோம்" என்றேன். நடுங்காத குரலில் சொன்னேன். 'தொவைக்கிறோம்' என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன்.

"சரிம்மா" என்றார்.

தண்ணீர் அடங்கிய பிறகு நான் துப்பட்டியை முகம் வரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் அஸருக்குக் குளிக்க வந்த பெண்கள்தான் கூச்சல் போட்டார்கள். மறுநாள் மேரியில், நகரசபை அலுவலகத்தில், மரணத்தைப் பதிந்தார்கள், தவறி விழுந்தது என்று. அது பொய்யில்லை, தவறித்தான் விழுந்தார்.

விசாரணை உங்களுக்கு நினைவிருக்கும். நான் திரைக்குப் பின்னால் இருந்து, ஜொஹரா லாத்தா வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். நூகு நானா, இரண்டு பேர் உள்ளே போனார்கள், சத்தம் கேட்டுத் தட்டினேன், ஒன்றுமில்லை என்று பதில் வந்தது என்றார். யாருடைய குரல் என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

"பொம்பளைக் குரலுங்க. யாருன்னு நான் கவனிக்கிறதில்லீங்க."

தூங்கிவிட்டுக் கதை கட்டுகிறான் என்றார்கள். இறந்தவளே பதில் சொன்னாளா என்று யாரோ சிரித்தார்கள். பள்ளிவாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினீர்கள், அப்படியும் நம்பவில்லை. கல்லில் உட்காரும் வேலையும் போயிற்று, அவர் சலாம் சொன்னால் பாதிப் பேர் திருப்பிச் சொல்வதும் நின்றது. கோட்டுச்சேரிமேட்டில் யாரோ அவரை வலை காயப்போட வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

ஊரைவிட்டுப் போகிற அன்று எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்தார். தடியால் மூன்று முறை தட்டினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"நான் போறேம்மா. யார் பேரையும் நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் வராதபோது உள்ளே வரும் உரிமை இந்தக் கதவில் அவருக்கு இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நபீசாவின் நிக்காஹ் நடந்தது. சஃபியா யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை, துக்க வீட்டில் யாரைப் போய்க் கேட்பது? பேரப்பிள்ளைகள் இரண்டு. இருவரும் கொல்லைக் குளத்தில்தான் தண்ணீரை அடித்து விளையாடுகிறார்கள், நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் அதில்தான் குளிக்கிறேன். நான்கு பக்கமும் சொந்தச் சுவர், கதவுக்குத் தாழ்ப்பாள், ஒரு காக்கைகூடப் பார்க்காது. இருந்தும் சேலையை மார்புக்கு மேல் ஒரு விரல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். ஒரு நாளும் அவிழ்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் மௌத்தாகி, நான் இத்தா இருந்து முடித்துப் பத்து நாள் ஆகிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய பயம் இனி இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன், பெரிய மனது வந்து எழுதவில்லை. நூகு நானாவைத் திரும்ப வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் முடிந்ததும் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் கேட்கும்படி படியுங்கள். நபீசாவின் மாமியார் வீட்டுக்கும் கேட்கட்டும். அவர் சொன்ன குரல் என்னுடையது. அதன் பிறகு போலீஸ் கொமிசேரிடம் சொல்வதானாலும் சொல்லுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.

மடித்து வைத்த பிறகு திரும்பப் பிரித்துப் படித்தேன். ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். உடம்பில் இருந்த ஒற்றைத் துணி என்று எழுதியிருக்கிறேன். நான்கு வருடம் எனக்கு நானே சொல்லிச் சொல்லி, எழுதும்போதும் அப்படியே வந்துவிட்டது. ஜொஹரா லாத்தா கதவைத் திறந்து வரும்போதே நான் குளித்துக் கரையேறி, உலர்ந்த சேலை உடுத்தி, துப்பட்டியைத் தோளில் போட்டிருந்தேன். குளித்த சேலையைப் பிழிந்து முறுக்கிக் கையில் வைத்திருந்தேன். அது ஆறு முழம் இருக்கும். அவர் கைக்கும் என் கைக்கும் நடுவே மூன்று முழம்கூட இல்லை.