மடிப்பில் இருந்த சொல்

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இன்னும் கண்ணாடி போடவில்லை. வீட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது நான்தான். "உங்களுக்குக் கழுகுக் கண்ணு" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

நிலத்துக்கு மதிப்புப் போடுவது என் தொழில். ஒரு தனியார் பாதையை மதிப்பிடச் சொல்லி நீதிமன்றம் என்னை அனுப்பியது. பாதை ஒரு கட்டட முதலாளிக்குச் சொந்தம். அதன் கோடியில் ஒரே ஒரு வீடு, அதில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அவர்களுக்கு அந்த வழியில் என்ன உரிமை, அதனால் பாதையின் மதிப்பு எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. நடக்க மட்டும் என்றால் நூற்றுக்கு நாலு குறையும். வண்டியும் போகலாம் என்றால் முப்பது.

டிரைவர் ஜன்னலோரம் மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, இவரால நாலு எட்டு நடக்க முடியாது. வண்டி வாசல் வரைக்கும் வரணும். கொஞ்சம் பாத்து எழுதுங்க."

டிரைவர் சிரித்தார். "முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்குனேன். இப்ப என்னை ஏத்த வர்ற வண்டிக்கு வழி கேக்குறோம்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அவருடைய மற்ற மனைகளுக்கெல்லாம் நான்தான் மதிப்புப் போடுகிறேன், அவ்வளவுதான். இதை யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை.

பத்திரத்தில் "ஆள் நடக்கவும்" என்பதற்கு அடுத்து ஒரு மடிப்பு. அந்த இடத்துச் சொற்கள் படிக்கும் நிலையில் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். நீதிபதியும் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். நடைவழி மட்டும் என்று தீர்ப்பானது. அடுத்த வாரமே பாதையின் வாயில் மூன்று இரும்புக் கம்பங்கள் நட்டார்கள்.

டிரைவருக்கு மூச்சு முட்டிய அன்று ஆம்புலன்ஸ் கம்பத்தருகே நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுவாசல் நூற்றெண்பத்தாறு மீட்டர், அளந்தவன் நான். தூக்கிக்கொண்டு வரும்போது பாதி வழியிலேயே டிரைவர் போய்விட்டார். அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க என்ன செய்வீங்க தம்பி, எழுத்து அழிஞ்சுபோச்சு" என்றார்.

போன மாதம் அவர் வீட்டை முதலாளிக்கே விற்றார். மதிப்புப் போட்டது நான். வண்டி வராத வீட்டுக்குப் பாதி விலைதான் போட முடியும், என் கையில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அன்று மடிப்பில் "வண்டி ஓட்டவும்" என்று இருந்தது. மை மங்கியிருந்தாலும் நன்றாகப் படித்தேன். பிறகு பத்திரத்தை அதே மடிப்பில் மடித்து, நகத்தால் அழுத்தி இரண்டு முறை இழுத்தேன். பிரித்துப் பார்த்தபோது அந்த எழுத்து தூளாக உதிர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். அப்போது அந்தச் சொற்கள் படிக்கும் நிலையில் இல்லை. நான் பொய் எழுதவில்லை.