சரிவில் இல்லாத புகை

இருந்தவர்கள்: தாமரைச்செல்வி, குபெர்டினோவுக்கு மேலே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவள். சபரி, அவளுக்கு ஷாம்பெயின் செய்து தருபவன். திறந்த பாட்டில் ஒன்று.

— இன்னொரு வாய் குடி. இப்பச் சொல்லு.

— நல்லாத்தான் இருக்குதுங்கக்கா.

— புகை அடிக்குது சபரி. போகியன்னிக்குக் காலைல சென்னை மாதிரி.

— அது மண்ணு வாசமுங்க. ஈஸ்ட் போடல, சர்க்கரை போடல, ஃபில்டர் பண்ணல. மண்ணுல இருக்கறதுதான் பாட்டில்ல வரும்.

— அந்த டயலாக்க உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இந்தப் பழம் பறிச்ச வருஷம் காடு எரிஞ்சது வடக்க. இங்க ஏதுடா புகை?

— நீங்கதான் அப்ப இங்க இல்லீங்களே.

— பேர்லேண்ட்ல தங்கச்சி டெலிவரிக்குப் போயிருந்தேன். உன்ன நம்பித்தான் அறுவடைய விட்டுட்டுப் போனேன். இது யார் தோட்டத்துப் பழம்?

— வடக்க ஒரு ஃப்ரெண்டோடதுங்க. ஆர்கானிக் தோட்டந்தான்.

— அப்ப என் பழம்?

— கொட்டிட்டனுங்க.

— பூஞ்சை புடிச்சிருச்சா?

— இல்லீங்க. சுத்துப்பட்டுல எல்லாத் தோட்டத்துலயும் பூஞ்சை. நம்முளுது மட்டும் கண்ணாடியாட்ட இருந்துச்சு.

— கண்ணாடியாட்ட இருந்தத எவனாவது கொட்டுவானா? யாருக்கு வித்த?

— விக்கலீங்க.

— நாளைக்கு ஆர்கானிக் சர்டிஃபிகேட்டுக்கு ஆள் வர்றாரு. வேலைய விட்டு, வீட்ட வித்து வாங்குன மண்ணுடா இது. லேபிள்ல 'இந்தச் சரிவுப் பழம் மட்டும்'னு அடிச்சு வெச்சிருக்கேன். எங்கிட்ட ஏன் சொல்லல?

— நீங்களும் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்றதில்லீங்களே.

— நான் என்னத்த மறைச்சேன்?

— விடுங்கக்கா.

— வெளிய போ. சாவிய பேரல் மேல வெச்சுட்டுப் போ.

— என் ஜாக்கெட்டு...

— இந்தா. நட.

— கதவப் பூட்டியே போட்டீங்களா? சரிங்க, இங்க வெளிய நின்னே சொல்லிர்றேன். மருந்தடிச்ச பழத்த ஆர்கானிக்னு ஊத்த எனக்குக் கை வரலீங்க. நீங்க வேலியோரம் பொதைச்ச பூஞ்சை மருந்து கேனை நாய் தோண்டிருச்சு. திரும்பப் பொதைச்சது நான்தான். நாளைக்கு வர்றவர அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிராதீங்கக்கா.